தாளில் வெட்டிய முதல் சட்டை

உடையின் கணக்கு – 11

தையல் வகுப்பில் புதிதாகச் சேரும் ஒருவர் முதல் நாளில் கொண்டுவர வேண்டிய பொருள்களில் பெரும்பாலும் துணி இடம்பெறுவதில்லை. பழுப்புத் தாள், இன்ச் டேப், நீண்ட ஸ்கேல், பென்சில், தாள் வெட்டுவதற்கென்றே தனியாக ஒரு கத்திரி ஆகியவையே கேட்கப்படும். தாளை வெட்டினால் கூர் மழுங்கிவிடும் என்பதால் துணிக் கத்திரியைத் தாளின் அருகே கொண்டுபோக ஆசிரியைகள் விடமாட்டார்கள். உடுத்துபவரின் அளவுகளைக் கொண்டு ஓர் உடையின் ஒவ்வொரு பாகத்தையும் தட்டையான வரைபடமாகத் தாளில் வரைந்து வெட்டியெடுக்கிறார்கள். அப்படி வெட்டியெடுத்ததே மாதிரித்தாள். வகுப்புகளில் இவ்வேலையைப் பேப்பர் கட்டிங் என்றே சொல்கிறார்கள். அந்தத் தாளைத் துணியின் மேல் விரித்து, சாக்கட்டியால் ஓரம் வரைந்து, வெட்டி, பாகங்களைச் சேர்த்துத் தைக்கும்போது முதல் உடை உருவாகிறது. இத்தொடரின் முந்தைய பகுதிகள் நூலையும் தறியையும் சாயத்தையும் பேசின; நெய்த துணி உடையாக மாறும் இடத்தை இந்த வாரம் திருவனந்தபுரத்தை முன்வைத்துப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. துணியை வெட்டித் தைத்து உடுத்துவது யாருக்கு உரியது என்பதை அரசாணைகளால் வகுத்துக் கொடுத்த திருவிதாங்கூர் நாட்டின் தலைநகரமாக அது இருந்தது. அங்கே ஒரு பெண் தன் அளவைத் தானே தாளில் வரைந்து, தானே வெட்டி, தானே தைத்து உடுத்துவதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

திருவிதாங்கூரின் பழைய உடை பெரும்பாலும் வெட்டப்படாத துணிதான். இடுப்பில் முண்டு, தோளில் நேரியது என்று இரண்டு நீள்சதுரங்களில் அது முடிந்துவிடும். தறியிலிருந்து இறங்கும்போதே அது உடுத்தத் தயாரான முழு உடை. நகரத்துக்குத் தெற்கே நாகர்கோவில் நெடுஞ்சாலையில் இருக்கும் பாலராமபுரம் இந்த வகைத் துணிக்குப் பேர்பெற்ற ஊர். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மரின் காலத்தில், தமிழ் நிலத்திலிருந்து சாலியர் என்னும் நெசவாளர் குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டன. குழித்தறியில், கையால் எறியும் நாடாவைக் கொண்டு, கசவு எனப்படும் ஜரிகைக் கரையுடன் அவர்கள் நெய்த முண்டும் நேரியதும் அரண்மனைக்குச் சென்றன. இத்தகைய துணிக்குத் தையல்காரர் வேண்டியதில்லை. ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் ஒரே துணி போதும், கொசுவமும் செருகலும் உடலுக்கு ஏற்ப அதை மாற்றிக்கொள்ளும். அளவெடுத்தல் என்ற செயலுக்கே தேவையில்லாத ஒரு நாகரிகம் அது, அதில் பெரிய அழகும் இருந்தது. ஆனால் அந்த நீள்சதுரத்தைத் தோளில் போடும் உரிமை எல்லாப் பெண்களுக்கும் இருக்கவில்லை.

தோள்சீலைக் கலகம் என்று தமிழ் வாசகர்கள் அறிந்த போராட்டத்தைத் தையல் வரலாற்றின் பக்கமிருந்தும் படிக்க வேண்டும். கர்னல் மன்றோ பிரிட்டிஷ் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த காலத்தில், கிறித்தவம் தழுவிய நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று ஆணை பிறந்தது. மேல்சாதியினர் எதிர்த்தபோது, தோளில் போடும் மேல்துணி கூடாது, சிரியன் கிறித்தவப் பெண்களும் மாப்பிளை முஸ்லிம் பெண்களும் அணியும் குப்பாயத்தை அணிந்துகொள்ளலாம் என்று அது திருத்தப்பட்டது. குப்பாயம் என்பது தைத்த மேற்சட்டை. 1829 பிப்ரவரி 3-இல் ராணி கௌரி பார்வதி பாயின் பெயரில் வெளிவந்த பிரகடனமும் இதே கோட்டைத்தான் இழுத்தது: மேல்துணி கூடாது, தைத்த சட்டை ஆகலாம். வெட்டப்படாத துணி மேலானது, அதனால் அது விலக்கப்பட்டது. வெட்டித் தைத்த துணி கீழானது, அதனால் அது அனுமதிக்கப்பட்டது. நாகர்கோவில், நெய்யூர் பகுதிகளில் லண்டன் மிஷனைச் சேர்ந்த பெண்கள் தொளதொளப்பான, அரைக்கை வைத்த ஒரு சட்டையை வகுத்துக் கொடுத்து, பள்ளிச் சிறுமிகளுக்குத் தையலும் லேஸ் பின்னலும் கற்பித்தார்கள் என்றால், அதற்கு இந்த ஆணைகள் விட்டுவைத்த சிறிய இடைவெளியும் ஒரு காரணம். அந்த இடைவெளியோடு நின்றுவிட மறுத்த பெண்கள் சட்டைக்கு மேலே தோள்சீலையும் போட்டார்கள், சந்தைகளில் அவை கிழிக்கப்பட்டன, பள்ளிகளும் தேவாலயங்களும் எரிந்தன.

சென்னை ஆளுநர் சார்லஸ் டிரவெல்யன் கொடுத்த நெருக்கடியின் பேரில் மகாராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மர் 1859 ஜூலை 26-இல் வெளியிட்ட பிரகடனம் வரலாற்று நூல்களில் வெற்றியாகவே குறிக்கப்படுகிறது. அதன் வாசகத்தை உடையின் கண்ணால் படித்தால் அது எவ்வளவு அரைமனதானது என்பது தெரியும். நாடார் பெண்கள் கிறித்தவப் பெண்களைப் போலச் சட்டை அணியலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம், வேறு எவ்விதமாகவும் மார்பை மறைக்கலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்பது அதன் சாரம். ஓர் உடையின் வெட்டு எப்படி இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டமியற்றிய அரிய ஆவணங்களில் இது ஒன்று. தைக்கக் கற்றுக்கொள்வது அன்றைக்கு ஒரு பெண்ணுக்குப் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது.

மேல்தட்டுப் பெண்களிடம் சட்டை போய்ச் சேர்ந்தது பிறகுதான், அதுவும் தயக்கத்தோடு. திரு-கொச்சி முதலமைச்சராக இருந்த சி. கேசவன் தம் தன்வரலாறான ‘ஜீவித சமரம்’ நூலில், தம் மாமியார் இளம்பெண்ணாக இருந்தபோது நாத்தனார் கொடுத்த ரவிக்கைகளை ஆசையோடு உடுத்திக்கொண்டதையும், அதற்காகத் தாயிடம் அடிபட்டதையும் பதிந்திருக்கிறார். ஒரு தலைமுறைக்குள் நிலைமை தலைகீழாக மாறி, ரவிக்கை இல்லாமல் வெளியே வருவதே வெட்கம் என்று ஆகிவிட்டது. இந்த மாற்றத்தில் உடையின் வடிவமும் மாறியது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பழைய குப்பாயமும், சிரியன் கிறித்தவப் பெண்கள் முண்டோடு அணிந்த வெள்ளைச் சட்டையும் உடலைத் தொடாமல் தொங்குபவை. துணியைத் தோளில் மடித்து, கையும் உடலும் நேர்கோடுகளாக வரும்படி வெட்டி, பக்கங்களை மூட்டிவிட்டால் அவ்வகை உடை முடிந்துவிடும், தாளில் வரைந்து பார்க்க வேண்டிய அளவுக்கு அதில் சிக்கல் கிடையாது. புடவையோடு அணியும் ரவிக்கையோ தோள், அக்குள், மார்பு, இடுப்பு என்று நான்கு இடங்களில் உடலின் வளைவை ஒட்டியே செல்ல வேண்டும்.

தட்டையான ஒரு பரப்பை வளைந்த ஒரு பரப்பின் மேல் சுருக்கமில்லாமல் பொருத்த முடியாது என்பது தையல்காரர்களுக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்த உண்மை. காஸ் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதற்குக் கணித நிறுவல் தந்தார். தாளை உருளையாகச் சுருட்டலாம், கூம்பாக மடிக்கலாம், ஆனால் பந்தின் மேல் ஒட்டினால் அது கசங்கியே தீரும். அந்தக் கசங்கலை முன்கூட்டியே கணக்கிட்டு, ஒரு முக்கோண மடிப்பாகப் பிடித்துத் தைத்து உள்ளே தள்ளிவிடுவதற்குப் பெயர் டார்ட். ரவிக்கையின் முன்பாகத்தில் மார்புக்குக் கீழிருந்து ஒன்றும், அக்குள் பக்கத்திலிருந்து ஒன்றும், கொக்கி வைக்கும் பட்டியின் பக்கத்திலிருந்து ஒன்றும் என டார்ட்டுகள் மார்பின் உச்சியை நோக்கி வந்து, அதைத் தொடாமல் ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்கு முன்பே நின்றுவிடும். உச்சிவரை தைத்துவிட்டால் அங்கே துணி கூராகப் புடைத்து நிற்கும். துணிக்குத் தாளிடம் இல்லாத ஒரு நெகிழ்வும் உண்டு. பாவு நூலும் ஊடு நூலும் நீளாவிட்டாலும், அவை சந்திக்கும் கோணம் மாறிக் கொடுக்கும். ரஷ்யக் கணித அறிஞர் செபிஷேவ் 1878-இல் பாரீஸில் நடந்த ஓர் அறிவியல் கழகக் கூட்டத்தில் துணி வெட்டுவதைப் பற்றியே உரை நிகழ்த்தி, அந்தக் கோண மாற்றத்தை வைத்து ஒரு துணியால் பந்தை எப்படி மூடலாம் என்று காட்டினார். தையல் மேசைக்குக் கணிதம் அவ்வளவு நெருக்கமானது.

தாளில் வடிவத்தை அச்சாக்கி மற்றவருக்குக் கொடுக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பழையது. ஸ்பெயின் நாட்டுத் தையல்காரர் ஹுவான் டி அல்செகா 1580-இல் வெளியிட்ட நூலில் அங்கிகளின் வெட்டுப் படங்கள் இருக்கின்றன. ஆனால் அவை தொழில் தெரிந்தவர்களுக்கு மட்டுமே விளங்கும். தொழில் தெரியாத இல்லத்தரசியின் கைக்கு மாதிரித்தாளைக் கொண்டுசேர்த்தவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த எபெனேசர் பட்டரிக். அவருக்கு முன்பு கிடைத்த தாள்கள் பொதுவாக ஒரே அளவில்தான் வந்தன, வாங்கியவர் தமக்கேற்பப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டியிருந்தது. 1863-இல் பட்டரிக் ஒரே வடிவத்தைப் பல அளவுகளில் மெல்லிய தாளில் வெட்டி விற்கத் தொடங்கினார். முதலில் ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும், சில ஆண்டுகளில் பெண்களுக்கும் என்று அந்த விற்பனை விரிந்தது. 1851-இல் ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரம் அதற்குள் வீடுகளுக்கு வந்துவிட்டிருந்ததால் தாளும் இயந்திரமும் ஒன்றையொன்று வளர்த்தன.

நம் பகுதியில் நடந்தது வேறு. உறையில் போட்டு விற்கும் மாதிரித்தாள் இங்கே வேர்பிடிக்கவே இல்லை. சிங்கர் இயந்திரங்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேயே இந்தியாவுக்கு வந்தன, 1930-களில் கல்கத்தாவில் உஷா இயந்திரம் பிறந்தது, தெருவுக்குத் தெரு தையல் கடைகளும் வந்தன. ஆனால் அந்தக் கடைகளில் வடிவம் என்பது துணி வெட்டும் மாஸ்டரின் கையில் மட்டுமே இருந்தது. அளவுப் புத்தகத்தில் இருக்கும் எண்களை ஒருமுறை பார்த்துவிட்டு, துணியின் மேல் நேரடியாகச் சாக்கட்டியால் நான்கைந்து கோடுகள் போட்டு, அடுத்த நிமிடம் கத்திரியை ஓட்டும் திறமை மாஸ்டருடையது. அவர் வெட்டிப் போட்டதைப் பீஸ் கணக்கில் தைப்பவர்கள் வேறு ஆட்கள். தைப்பவர் எத்தனை வருடம் தைத்தாலும் வெட்டத் தெரியாவிட்டால் சொந்தக் கடை வைக்க முடியாது. அதனால்தான் வெட்டு என்ற அறிவு குடும்பத்துக்குள்ளும், குருவுக்கும் சீடனுக்கும் இடையிலுமாகவே நெடுங்காலம் புழங்கியது. வகுப்பறையில் தாள் நுழைந்தபோதுதான் அந்த அறிவு கண்ணால் பார்க்கக்கூடியதாகவும், தவறினால் அழித்து மறுபடி வரையக்கூடியதாகவும், இரவில் வீட்டுக்கு எடுத்துப்போய்த் திரும்பப் பார்க்கக்கூடியதாகவும் ஆனது. மும்பையின் ஜாரப்கர் தையல் பயிற்சி முறையும், சென்னையில் வெளியான மேரி மேத்யூஸின் தையல் பாடநூலும் பல தலைமுறை மாணவியருக்கு இதைத்தான் செய்து கொடுத்தன. இவை வெட்டிய தாளை விற்கவில்லை, தாளில் வரையும் வழியைச் சொல்லிக் கொடுத்தன. ஆகவே இங்கே பயிலும் ஒருவர் தைக்கும் முதல் உடையிலேயே வடிவமைப்பவரும் ஆகிவிடுகிறார். இது மேலைநாட்டு முறையைவிடக் கடினமானது, அதைவிட மதிப்புள்ளதும்கூட.

முதல் உடையாகப் பெரும்பாலான பாடத்திட்டங்கள் வைத்திருப்பது ஜப்லா. கைக்குழந்தைக்குப் போடும், முதுகுப்பக்கம் முழுவதும் திறந்து நாடாவால் முடிச்சுப் போடும் இந்தச் சட்டையில் ஓர் உடைக்கு வேண்டிய அடிப்படைப் பாகங்கள் அனைத்தும் சிறிய உருவில் இருக்கின்றன: கழுத்து, தோள், கைக்குழி எனப்படும் அக்குள் வளைவு, பக்கம், கீழ் மடிப்பு. துணி அரை மீட்டர் அளவே தேவைப்படும், குழந்தையின் உடலில் இடுப்பு வளைவு இல்லாததால் டார்ட் வராது. மார்புச் சுற்றளவு 18 அங்குலம், உயரம் 12 அங்குலம் என்று கொண்டால் அதன் முன்பாகத்தை வரைவது இவ்வாறு. பழுப்புத் தாளை நெடுக்கில் மடித்து, மடிப்பு இடப்பக்கம் இருக்கும்படி வைக்க வேண்டும். உடலின் இடமும் வலமும் ஒன்றுபோல இருப்பதால் பாதியை மட்டும் வரைந்தால் போதும், மடிப்பே நடுக்கோடு. மேல் மூலையிலிருந்து மடிப்பின் வழியே 12 அங்குலம் இறங்கிக் குறித்து, கீழ் மடிப்புக்கு மேலும் ஓர் அங்குலம் விட வேண்டும். மார்பளவில் பன்னிரண்டில் ஒரு பங்கான ஒன்றரை அங்குலம் கழுத்தின் அகலம், அதோடு அரை அங்குலம் கூட்டினால் முன்கழுத்தின் இறக்கம். இந்த இரு புள்ளிகளையும் கால்வட்டமாக இணைத்தால் கழுத்து வந்துவிடும். மடிப்பிலிருந்து நான்கு அங்குலத்தில் தோளின் முனை, அது மேல்கோட்டிலிருந்து அரை அங்குலம் இறங்கியிருக்கும். தோள் சரிவானது என்பதை மறந்து மேல்கோட்டிலேயே வரைந்துவிட்டால் தைத்த சட்டை தோளில் படியாமல் நிற்கும். மேலிருந்து மார்பளவில் கால் பங்கான நாலரை அங்குலம் இறங்கினால் மார்புக்கோடு, அந்தக் கோட்டின் நீளம் கால் மார்பளவும் தளர்ச்சிக்காக ஓர் அங்குலமும் சேர்ந்த ஐந்தரை அங்குலம். தோள் முனையையும் மார்புக்கோட்டின் முனையையும் உள்வாங்கிய வளைவாக இணைப்பதே கைக்குழி. பின்பாகத்துக்கு இதே படம்தான், கழுத்து இறக்கம் மட்டும் ஓர் அங்குலம் போதும், நடுவில் திறப்பு வருவதால் பட்டிக்காக ஓர் அங்குலம் மிகுதியாக விட வேண்டும்.

தளர்ச்சி என்று மேலே சொன்னது உடலுக்கும் துணிக்கும் இடையில் விடும் வெற்றிடம். 18 அங்குலக் குழந்தைக்கு 22 அங்குலச் சுற்றளவுள்ள சட்டை கிடைக்கிறது, அந்த நான்கு அங்குலத்தில்தான் குழந்தை மூச்சு விடுகிறது, கையை ஆட்டுகிறது, திருவனந்தபுரத்தின் புழுக்கத்தில் காற்று வாங்குகிறது. கழுத்தின் அகலத்தை நேராக அளக்காமல் மார்பிலிருந்து கணக்கிடுவதற்கும் விளக்கம் வேண்டும். மனித உடலின் பாகங்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ நிலையான விகிதத்தில் இருக்கின்றன என்ற நம்பிக்கையில் எழுந்தது இந்த விகித முறை. ஒரே ஓர் அளவைக் கொண்டு மற்றவற்றை ஊகிக்கலாம் என்பது அதன் வசதி. குழந்தைகளிடம் அது பெரும்பாலும் பலிக்கும். வளர்ந்த பெண்களிடம் அடிக்கடி பிசகும்: 40 அங்குல மார்பளவு கொண்ட ஒருவருக்குத் தோள் குறுகலாக இருக்கலாம், 32 அங்குலம் கொண்டவருக்கு விரிந்திருக்கலாம், விகிதத்தை நம்பி வெட்டிய ரவிக்கை தோளிலிருந்து நழுவும். ஆகவே தேர்ந்த ஆசிரியைகள் தோள், முன்கழுத்து, கைச்சுற்று மூன்றையும் நேராக அளந்து எழுதச் சொல்கிறார்கள், சூத்திரத்தைக் கழுத்தகலம் போன்ற சிறிய இடங்களுக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறார்கள். பாடநூலின் சூத்திரத்தைவிட எதிரில் நிற்கும் உடலே உண்மையானது என்பதை ஒரு மாணவி இந்த இடத்தில் கற்றுக்கொள்கிறார்.

வரைந்து முடித்த கோடு தையல் விழும் கோடு; வெட்டும் கோடு அதற்கு வெளியே இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட துணியைத் தையலுக்கு விடுவது என்பார்கள். அமெரிக்கத் தாள்களில் இது பெரும்பாலும் எல்லா ஓரத்திலும் ஒரே சீராக ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. நம் முறையில் ஒவ்வோர் ஓரத்துக்கும் ஒவ்வோர் அளவு: கழுத்துக்குக் கால் அங்குலம், தோளுக்கு அரை அங்குலம், பக்கங்களுக்கு ஓர் அங்குலமோ அதற்கும் மேலோ. ரவிக்கையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பக்கத் தையலுக்கு இணையாக இரண்டு மூன்று வரிகள் ஓடுவது தெரியும், முதல் வரியைப் பிரித்தால் ஓர் அளவு தளரும், அடுத்ததைப் பிரித்தால் இன்னும் தளரும். பேறுகாலத்திலும் அதற்குப் பிறகும், வயது கூடும்போதும் மாறும் உடலுக்கு அதே ரவிக்கையைப் பத்தாண்டு பயன்படுத்தும் சிக்கனம் அந்த வரிகளில் இருக்கிறது, விலைகொடுத்து வாங்கும் ஆயத்த உடைகளில் காணக் கிடைக்காத கரிசனமும் இருக்கிறது.

தாள் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்பிவிடக் கூடாத ஓர் இடம் உண்டு. தாளுக்கு நூலோட்டம் கிடையாது. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அது ஒன்றுபோலவே இருக்கும். துணி அப்படியல்ல. பாவு நூல் தறியில் இழுத்துக் கட்டப்பட்டிருந்ததால் நீள்வாக்கில் துணி உறுதியாக நிற்கும், குறுக்கே சற்று இளகும், மூலைவாக்கில் இழுத்தால் நன்றாகவே நீளும். எனவே மாதிரித்தாளின் நடுவே கரைக்கு இணையாக ஓர் அம்புக்குறி வரைந்து, வைக்கும்போது அந்தக் குறியின் இரு முனைகளிலிருந்தும் துணியின் கரைவரை டேப் பிடித்து அளந்து, இரண்டு அளவும் ஒன்றாக வந்த பின்பே குண்டூசி குத்த வேண்டும். துணியை மிச்சம்பிடிக்க நினைத்துத் தாளைச் சாய்த்து வைத்து வெட்டியவருக்கு, இரண்டு துவைப்புக்குப் பிறகு சட்டை ஒருபக்கமாகத் திருகிக்கொள்வது தெரியவரும். கழுத்து வளைவு எப்படி வெட்டினாலும் எங்கேயோ ஓரிடத்தில் மூலைவாக்கைத் தொட்டே தீரும், அதனால் வெட்டிய உடனே ஓரத்தை ஒட்டி ஒரு வரி தையல் போட்டு வைப்பது வழக்கம். அந்தக் கழுத்தை முடிக்கும் பட்டியை மட்டும் வேண்டுமென்றே மூலைவாக்கில் வெட்டுவார்கள். கிராஸ் பீஸ் எனப்படும் அது வளைவுக்கேற்பத் தானே வளைந்து கொடுக்கும். கைத்தறிப் பருத்தியானால் இன்னொரு முன்வேலையும் உண்டு: பாவுக்கு ஏற்றிய கஞ்சி போகவும், சுருங்க வேண்டிய அளவு சுருங்கிவிடவும், துணியை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, ஈரம் முழுவதும் போகும் முன் இஸ்திரி போட்ட பிறகே மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

இத்தனைக்கும் வேண்டிய பொருள்கள் திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில் கிடைத்துவிடும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த அந்த வீதியில் தமிழ் வணிகர்களின் கடைகள் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகின்றன, ஆ. மாதவனின் ‘கடைத்தெருக் கதைகள்’ வழியாகத் தமிழ் வாசகர்கள் அதை ஏற்கெனவே அறிவார்கள். கற்பிக்கும் இடங்களுக்கும் குறைவில்லை. கேரளத் தொழில்நுட்பக் கல்வித் துறை முன்பு தையல் பயிற்சி மையங்களாக நடத்தியவை இன்று அரசு ஃபேஷன் டிசைனிங் நிலையங்கள் என்ற பெயரில் இரண்டாண்டுப் படிப்பைத் தருகின்றன, குடும்பஸ்ரீ குழுக்கள் பலவற்றில் தையல் முக்கியமான வருமானமாக இருக்கிறது, தையல் தொழிலாளர்களுக்கென்று நலநிதி வாரியமும் கேரளத்தில் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடைக்காகக் கைத்தறித் துணியை 2017 முதல் கேரள அரசு இலவசமாகக் கொடுத்துவருகிறது. அது தைக்காத துணியாக வருவதால், தைக்கத் தெரிந்த தாய் இருக்கும் வீட்டில் தையல்கூலி மிச்சமாகிறது, தெருமுனைத் தையல்காரருக்கோ ஜூன் மாதத்தில் கையில் வேலை நிறைகிறது. இத்திட்டத்தைத் தறிக்காரர்களுக்கான உதவியாக மட்டும் பார்ப்பவர்கள் அதன் மறுபாதியைக் கவனிப்பதில்லை.

வெட்டிய பாகங்களைச் சேர்க்கும் வரிசை எளியது: முதலில் தோள்கள், அடுத்துக் கழுத்துப் பட்டி, கைக்குழி ஓரங்கள், பிறகு பக்கங்கள், முதுகுத் திறப்பின் பட்டி, கடைசியில் கீழ் மடிப்பு. ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் இஸ்திரி போடாமல் அடுத்ததற்குப் போகக்கூடாது, ஏனெனில் படியாத தையலின் மேல் விழும் அடுத்த தையல் கோணலாகவே விழும். முதல் ஜப்லாவைக் குழந்தைக்குப் போட்டுப் பார்க்கும்போது அநேகமாக ஏதாவது ஒன்று பொருந்தாமல் இருக்கும், பெரும்பாலும் முன்கழுத்து. துணியில் கால் அங்குலம் இறக்கிச் சரிசெய்துவிடலாம். ஆனால் அதே கால் அங்குலத்தை மாதிரித்தாளிலும் வேறு நிறத்தில் வரைந்து வெட்டினால்தான் அடுத்த சட்டை முதலிலேயே சரியாக வரும். தாளின் மேல் குழந்தையின் பெயர், மார்பளவு, தேதி, மடிப்பு எந்தப் பக்கம், எத்தனை துண்டு வெட்ட வேண்டும் ஆகியவற்றை எழுதிவைப்பதும் இப்போதே பழக வேண்டியது. சில மாதங்களில் அதே குழந்தையின் மார்பளவு 20 அங்குலம் ஆகும்போது புதிதாக வரைய வேண்டியதில்லை: பக்கத்தில் அரை அங்குலம், கைக்குழி இறக்கத்தில் அரை அங்குலம், கழுத்தகலத்தில் ஏறத்தாழ ஆறில் ஓர் அங்குலம், உயரத்தில் வேண்டிய அளவு என்று பழைய தாளின் ஓரங்களைத் தள்ளி வரைந்தால் போதும். பட்டரிக் தம் தாள்களைப் பல அளவுகளில் விற்றபோது செய்தது இந்தக் கணக்கைத்தான்.

ஜப்லாவில் கை இல்லை. கையை வைக்கத் தொடங்கும்போது, கையின் மேல் வளைவு அது பொருந்த வேண்டிய கைக்குழியைவிட நீளமாக இருப்பதும், அந்த மிகுதியைச் சுருக்கம் தெரியாமல் உள்வாங்கித் தைக்க வேண்டியிருப்பதும் புதிய கேள்விகளை எழுப்பும். பாவாடை தாவணிக் காலத்துப் பஃப் கையிலிருந்து இன்றைய சுடிதார்க் கைவரை அந்த வளைவு எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறது என்பது அடுத்த இதழில்.

(தொடரும்)